உறுமி உலகம் சுற்றிய கதை: மாயாவின் ‘கலா’

சுங்கை பட்டாணி தைப்பூசத்துக்கோ, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கோ போனவர்களுக்கு உறுமியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. காவடி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிடும். சிலருக்கு அது கேட்டவுடன் உடம்பு சிலிர்க்கும். சிலரோ, “காது கிழியுது, கொஞ்சம் தள்ளிப் போய் அடிங்கப்பா” என்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருப்பார்கள்.

இந்த உறுமியின் சத்தத்தைத் தாங்கி வந்த ஓர் ஆங்கில இசைத்தொகுப்பைத்தான் அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2007-ஆம் ஆண்டின் மிகச் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. அதன் பெயர் ‘கலா’. உருவாக்கியவர் எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயர் கொண்ட ஈழத்தமிழ்ப் பெண் மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம். மின்னணு இசையில் இது ஒரு சோதனை முயற்சி. இடி போன்ற தாளமும் மெல்லிய மெட்டும் ஒரே பாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். கேட்பதற்கு முதலில் குழப்பமாக இருக்கும். ஆனால் உறுமி மேளத்தோடு வளர்ந்த காதுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான்.

தையல்காரத் தாயின் பெயரில்

மாயா 1975-இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். தந்தை அருள்பிரகாசம் ‘அருளர்’ என்ற பெயரில் ஈரோஸ் இயக்கத்தில் செயல்பட்டவர். பிள்ளைகள் அவரோடு சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் குறைவு. போர் முற்றிய நேரத்தில், 1986-இல், தாயார் கலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அகதியாக லண்டன் திரும்பினார். தெற்கு லண்டன் மிட்சமில் ஓர் ‘எஸ்டேட்’டில் குடியேறினார்கள். அங்கே எஸ்டேட் என்றால் ரப்பர் தோட்டம் இல்லை, அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடுகள். பெயர்தான் வேறு பொருள் தருகிறது. நெருக்கமும் அண்டை வீட்டுச் சத்தமும் நமக்குத் தெரிந்தவையே.

தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். 2020-இல் மாயாவுக்கு பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ விருது கிடைத்தபோது, அந்த அரச விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பதே தம் தாயார் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை என்று அவரே தெரிவித்தார்.

2005-இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரை வைத்தார்: ‘அருளர்’. அதன் தொடக்கப் பாடல்கள் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே ஒரு தாளப்பெட்டியை வைத்துப் படுக்கையறையில் உருவானவை. அந்தத் தொகுப்பு பிரிட்டனின் மெர்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. இரண்டாவதுக்குத் தாயின் பெயர். அதுதான் ‘கலா’.

விசா கிடைக்கவில்லை, சென்னைக்குப் போனார்

அடுத்த தொகுப்பை அமெரிக்காவில் தங்கிப் பதிவு செய்வதுதான் திட்டம். 2006-இல் அமெரிக்க விசா சிக்கலானது. ஒரு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய வேலை, இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போனது அதனால்தான். ‘கலா’வில் கேட்கும் கோழிக் கொக்கரிப்பும் குழந்தைகளின் கூச்சலும் கேரள மீனவர்கள் படகு இழுக்கும் குரலும் அந்த அலைச்சலில் சேர்ந்தவை. விசா கொடுத்திருந்தால் இப்படி ஒரு தொகுப்பே வந்திருக்காது என்று சொன்னால் அது மிகையில்லை.

சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்த இடம் கொடுத்தார். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு மேளக் கலைஞர்கள் வரவழைக்கப்பட்டு, அவர்களின் உறுமி அடி பதிவு செய்யப்பட்டது. மாயாவோடு சேர்ந்து வேலை செய்தவர் ‘சுவிட்ச்’ என்று அறியப்படும் ஆங்கிலேய இசைத் தயாரிப்பாளர் டேவ் டெய்லர். பதிவான அடிகள் கணினியில் வெட்டப்பட்டு, மீண்டும் மீண்டும் சுழலும்படி ஒட்டப்பட்டன. மின்னணு இசைக்காரர்கள் இதை ‘லூப்’ என்பார்கள். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களின் முதுகெலும்பு இந்த அடிதான்.

‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. ‘ஜெயம்’ (2003) தமிழ்ப் படத்தில் ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாட்டின் துண்டு ஒன்று அதில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஆக, லண்டன் நடன அரங்கில் ஆடியவர்கள் பலர், தெரியாமலேயே தமிழ்த் திருவிழாவுக்குத்தான் ஆடியிருக்கிறார்கள்.

முரட்டு அடிக்குள் ஒரு ராகம்

உறுமி ஏன் இப்படிப்பட்ட இசைக்குப் பொருந்தியது? விடை அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

உடுக்கையைப் போல நடு ஒடுங்கி, இரண்டு பக்கமும் தோல் கட்டிய கருவி அது. ஒரு பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறு பக்கத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது குச்சி தோலைப் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். ஒரு விநாடிக்குள் இது பல முறை நடக்கும். வயலின் வில் தந்தியின்மேல் செய்வதும் இதே வேலைதான். அழுத்தத்தைக் கூட்டினால் தோல் விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதனால்தான் உறுமி வெறுமனே ‘டம்’ என்று நிற்பதில்லை, மிருகம் போல முனகிக்கொண்டு ஏறி இறங்குகிறது. பெயரே அந்த உறுமலால் வந்ததுதான். தமிழ்நாட்டில் தேவராட்டத்துக்கு அடிக்கும்போது இதே கருவிக்கு ‘தேவதுந்துபி’ என்று பெயர்.

மின்னணு இசைக்காரர்கள் ‘பேஸ்’ ஒலியை வழுக்கி இறக்குவதற்குப் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். உறுமிக்காரர் ஒரு வளைந்த குச்சியால் அதையே செய்கிறார்.

‘கலா’வில் இந்த அடி இன்னும் முரடாகக் கேட்பதற்கு வேறு காரணமும் உண்டு. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறிக் கூட்டினால் பாட்டு கரகரவென்று வருமே, நினைவிருக்கிறதா? ஒலி அலையின் உச்சி, கருவி தாங்கும் அளவைத் தாண்டும்போது மொட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டுதான் காதுக்குக் கரகரப்பாகத் தெரிகிறது. ரேடியோக்காரர்கள் அதைக் குறை என்பார்கள். இந்த வகை இசையில் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள், சமையலில் மிளகாயைத் தாராளமாகப் போடுவதுபோல. ஆனால் எல்லாவற்றிலும் மிளகாய் போட்டால் யாரும் சாப்பிட முடியாது. அங்கேதான் மெல்லிய மெட்டு தேவைப்படுகிறது.

முதல் பாடலான ‘பாம்பூ பாங்கா’வைக் கேளுங்கள். எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் யேசுதாஸும் சேர்ந்து பாடிய ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு அதில் இருக்கிறது, இளையராஜாவின் இசை. ரஜினியும் மம்மூட்டியும் ஆடியது நம்மில் பலருக்குக் கண்ணிலேயே நிற்கும். ‘ஜிம்மி’ என்ற பாட்டோ 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படப் பாட்டின் மறுவடிவம். மூலத்துக்கு பப்பி லஹிரி இசையமைத்தார், டிரினிடாட்டில் பிறந்த பார்வதி கான் பாடினார். சின்ன வயதில் மாயா ஆடிய பாட்டு அது. அதன் மெட்டில் முரடே இல்லை, ஒரு சின்னப் பெண்ணின் பிறந்தநாள் கொண்டாட்டம் போலத்தான் இருக்கிறது.

கடைசியில், தொகுப்பின் பதினொன்றாவது பாட்டு, ‘பேப்பர் பிளேன்ஸ்’. பிரிட்டனின் ‘தி கிளாஷ்’ குழு 1982-இல் வெளியிட்ட ‘ஸ்டிரெய்ட் டு ஹெல்’ பாட்டின் கித்தார் இழையை எடுத்து, தாலாட்டு வேகத்தில் சுழல விட்டிருக்கிறார்கள். அதன்மேல் குழந்தைகள் கூடிப் பாடுகிறார்கள். அந்தப் பல்லவியின் நடுவே துப்பாக்கிச் சத்தம் வருகிறது, பணப்பெட்டி திறக்கும் ஓசை வருகிறது. இங்கே மேளம் முரடு இல்லை, மெட்டும் முரடு இல்லை. இவ்வளவு இனிமையான பாட்டுக்குள் அந்தச் சத்தம் வருவதுதான் திடுக்கிட வைக்கிறது. குடியேறிகளை எல்லாரும் எப்படிச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதைக் கேலி செய்யும் பாட்டு அது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றியும் மழுக்கியும் ஒலிபரப்பினார்கள். 2008-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடல்பதிவுக்கான பரிந்துரையும் பெற்றது.

அதே 2009-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஓ சாயா’ ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருதை வென்றது அதே படத்தின் ‘ஜெய் ஹோ’.

காவடிக்கு முன்னால் நடப்பது

முரட்டுத் தாளத்தையும் மெல்லிய மெட்டையும் ஒன்றுசேர்ப்பது மேற்கத்திய விமர்சகர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். காவடி ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு அது வழக்கமான காட்சி. முருகன் பாட்டை ஒருவர் பாடுவார். அந்த அடி முடியும்வரை மேளம் அடங்கியிருக்கும், முடிந்ததும் பாய்ந்து எழும். பாட்டுக்கும் அடிக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது நம் முறை. ‘கலா’ செய்தது வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டு, ஒலியின் உயரத்தைப் பங்கிட்டது. அடியின் கனம் கீழே, உலோகச் சத்தம் மேலே, நடுவில் விட்ட இடைவெளியில் குரல். அதனால்தான் அவ்வளவு இரைச்சலிலும் மாயா முணுமுணுப்பது போலப் பாடும் வார்த்தைகள் காதில் விழுகின்றன.

மலேசியத் தமிழர்களும் அந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. யோகி பி-யும் நட்சத்ராவும் சேர்ந்து ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டது 2006-இல். இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டைச் சொல்லிசையாக மாற்றி, தமிழ்நாட்டு இளைஞர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது அந்தத் தொகுப்புதான். லண்டனிலும் கோலாலம்பூரிலும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே, பழைய தமிழ்ப் பாட்டை எடுத்துப் புதிய அடியில் ஏற்றும் வேலை ஒரே சமயத்தில் நடந்திருக்கிறது.

இரைச்சல் என்பது யார் சொல்வது?

உறுமியை இசை என்று ஏற்காதவர்கள் நம்மிடையே எப்போதும் உண்டு. சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கியவர்கள் ஒரு பக்கம். மேளக்குழு என்றாலே வம்பு பண்ணும் இளைஞர் கூட்டம் என்று முத்திரை குத்துபவர்கள் இன்னொரு பக்கம். சில குழுக்களின் நடத்தை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் தப்பு செய்தவனை விட்டுவிட்டுக் கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இடமாற்றமும் இதில் சேர்ந்துகொண்டது. பாடாங் செராய், பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பயிற்சி நடந்தபோது சுற்றிலும் பால் மரம், பிறகு செம்பனை. சத்தம் மரங்களுக்குள் கரைந்துவிடும். கேட்டவர்களும் சொந்த லயத்துக்காரர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கு வந்த பிறகு அதே அடி சுவரில் மோதித் திரும்புகிறது. அண்டை வீட்டில் வேறு இனத்தவர், இரவு வேலை முடித்து வந்து தூங்குபவர், கைக்குழந்தை. கருவி மாறவில்லை, அது நிற்கும் இடம்தான் மாறிப்போனது.

சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தின்போது இசைக்கருவிகள் வாசிக்க 1973-இலிருந்து தடை இருந்தது. பக்தர்களின் நீண்டகாலக் கோரிக்கைக்குப் பிறகு 2016-இலும் 2019-இலும் அந்த விதி படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட நேரங்களில் வாசிக்கலாம் என்று வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பு.

பெயர் யாருக்கு, பணம் யாருக்கு?

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ‘தி கிளாஷ்’ குழுவினர் நால்வரின் பெயரும் இருக்கிறது. அவர்களின் மெட்டு எடுத்தாளப்பட்டதால் பாட்டு சம்பாதிப்பதில் அவர்களுக்கும் பங்கு. இளையராஜாவின் பெயரும் தொகுப்பின் குறிப்பில் வருகிறது. மின்னணு இசையில் ஒரு பழைய பதிவின் துண்டை எடுத்தால் அனுமதி பெற்று, பெயர் போட்டு, பணம் கொடுப்பதுதான் முறை.

ஆனால் சென்னைக் கூடத்தில் உறுமி அடித்தவர்களின் நிலை வேறு. அவர்கள் அடித்தது பரம்பரையாக வந்த அடி, அதற்கு ‘இசையமைத்தவர்’ என்று ஒருவர் கிடையாது. அப்படிப்பட்ட வேலைக்குப் பொதுவாக அன்றைய கூலிதான் கிடைக்கும். உலகம் முழுக்க அந்த அடிக்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கலைஞர்களில் ஒருவரின் பெயராவது தெரியும்? மாயாவைக் குறை சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயமில்லை இது. நாட்டார் இசைக்கு உலகெங்கும் நேர்வது இதுதான்.

இதற்கு நேரெதிரான ஒரு கதையும் இந்தியாவிலேயே உண்டு. மும்பையில் திரைப்படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் தாளப்பெட்டிகளையும் சிந்தசைசரையும் வைத்து ‘டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்’ என்று ஒரு தட்டை வெளியிட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் டச்சுக்காரர் ஒருவர் இந்தியாவில் பழைய இசைத்தட்டு தேடும்போது அதைக் கண்டெடுத்தார். 2010-இல் அது மறுவெளியீடு கண்டது. அமெரிக்காவில் பின்னாளில் தோன்றிய ‘ஆசிட் ஹவுஸ்’ இசையின் ஒலி அதில் முன்கூட்டியே கேட்கிறது என்று உலகம் வியந்தது. முதிய வயதில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்துவிட்டு 2015-இல் அவர் மறைந்தார். அவரைக் காப்பாற்றியது ஒன்றுதான்: தட்டு இருந்தது, அதன் உறையில் பெயர் இருந்தது.

கெடாவின் உறுமிக் குழுக்களிடம் இருக்கும் அடிகளில் பெரும்பகுதி கையிலும் காதிலும்தான் இருக்கிறது. மூத்தவர் அடிக்கிறார், சின்னவன் பார்த்துப் பழகுகிறான். ஒரு தோட்டம் மூடி ஆட்கள் பிரிந்தால் அந்தத் தோட்டத்து அடியும் பிரிந்துபோகும்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், எழுத்திலோ பதிவிலோ வடிவம் பெற்ற படைப்பைத்தான் காக்கிறது. அதோடு, வாசித்த கலைஞருக்கும் தம் நிகழ்ச்சியின்மீது தனி உரிமை உண்டு. அவர் சம்மதமில்லாமல் நேரடி நிகழ்ச்சியைப் பதிவு செய்து விற்க முடியாது. பதிப்புரிமை பெறுவதற்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சான்று வேண்டுமானால், 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் கட்டணம் செலுத்தி ஒரு படைப்பைத் தாமாக முன்வந்து பதிந்துவைக்க வழி இருக்கிறது. பரம்பரை அடிக்கு இது உதவாது. அதன்மேல் ஒரு குழு தானே கட்டிய புதிய அடிக்கும் பாட்டுக்கும் உதவும்.

பதிவு செய்ய இன்று பெரிய கூடம் தேவையில்லை, கைப்பேசி போதும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மேளத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியை நீட்டினால் முன்னே சொன்ன அதே வெட்டு விழும், கரகரப்பு மட்டுமே மிஞ்சும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, அடிக்கும் பக்கத்தைவிடத் தேய்க்கும் பக்கத்தை நோக்கிப் பிடித்தால் அந்த முனகல் சுத்தமாக வரும். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், எந்தத் தோட்டத்து அடி, வாசிப்பவர்கள் யார் யார் என்று வாயால் சொல்லிவைத்தால் பெயர்கள் ஒலியோடு ஒட்டிக்கொள்ளும். காணொளியின் தலைப்பு மாறலாம், யார் யாரோ பகிரலாம். உள்ளே சொன்ன பெயர் அங்கேயே இருக்கும்.

‘கலா’வை இனிமேல்தான் கேட்கப் போகிறவர்கள் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். உறுமியின் கீழ்ச்சுருதி அதில் வராது, தகரம் தட்டுவது போலத்தான் இருக்கும். காரில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்கலாம்.